புனேயில் ஒரு சிம்லா ஆபீஸ்

போன மாதம் ஊரிலிருந்து மச்சான் வந்திருந்தார். சிவாஜிநகர் பக்கம் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது கண்டக்டர் "சிம்லா ஆபீஸ், சிம்லா ஆபீஸ்" என்று குரல் கொடுத்தார். மச்சான் திரும்பி என்னைப் பார்த்தார். "ஏன் மாப்ள, புனேல சிம்லா எங்க வந்துச்சு?"

நான் புனேக்கு மாற்றலாகி வந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம்தான். ஏதோ ஸ்வெட்டர் கடையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது வானிலை ஆய்வுத்துறை. முன்பு சிம்லாவில் இருந்த தலைமை அலுவலகம் 1928-ல் இங்கே வந்தது. 1944-ல் தலைமையகம் டெல்லிக்குப் போய்விட்டது, ஆனால் பெயர் போகவில்லை. இன்றைக்கும் ஏப்ரல் மாதத்தில் "இந்த ஆண்டு பருவமழை இத்தனை சதவீதம்" என்று நாடு முழுக்கச் செய்தி வருகிறதே, அந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் உட்கார்ந்திருப்பது இங்கேதான்.

மச்சானிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஸ்டாப் தாண்டிவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். (பி.காம் படித்தவன் காற்றழுத்தம் பற்றி எழுதுகிறான், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கதை நம்ம ஊரில்தான் ஆரம்பிக்கிறது. எங்கள் அப்பத்தா நான் அவசரமாகச் சாப்பிட்டால் "தாது வருசத்துல இருந்து எந்திரிச்சு வந்தவன் மாதிரி அள்ளிப் போடாதடா" என்பாள். அவளே தாது வருடத்தைப் பார்த்தவள் இல்லை. அவளுடைய பாட்டி காலத்துச் சமாச்சாரம் அது. 1876-ல் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. 1877-லும் தென்மேற்கு சரியாக இல்லை. சென்னை மாகாணம், மைசூர், ஹைதராபாத், பம்பாய் தக்காணம் என்று தெற்கே பாதி நாடு காய்ந்தது. செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்சக் கணக்கு.

அந்தச் சமயத்தில் வைஸ்ராய் லிட்டன் பிரபு டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார் (1877 ஜனவரி 1). பஞ்சத்தைக் கவனிக்க அவர் அனுப்பிய ஆள் சர் ரிச்சர்ட் டெம்பிள். இவர் கதை வங்கிக்காரர்களுக்குப் புரியும். 1873-74-ல் பீகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி தருவித்து, தாராளமாகச் செலவு செய்து, ஆட்களைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டார். அதற்குக் கிடைத்த பரிசு, "பணத்தை வாரி இறைத்தவர்" என்ற கெட்ட பெயர். ஆடிட்டில் ஒரு தரம் மாட்டியவன் அடுத்த கிளையில் எப்படி இருப்பான்? சென்னைக்கு வந்த டெம்பிள், நிவாரண வேலையில் நாள் முழுக்கக் கல்லுடைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், மேலே கொஞ்சம் சில்லறை, அது போதும் என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்பது 450 கிராம்தான். சென்னை சுகாதார கமிஷனர் கார்னிஷ் என்பவர், இந்த அளவில் உடல் உழைப்பு செய்தால் ஆள் தேய்ந்து செத்துப்போவான் என்று திரும்பத் திரும்ப எழுதினார். பிற்பாடு கூலியைக் கூட்டினார்கள். அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது.

இந்தப் பஞ்சத்துக்கு இரண்டு வாரிசுகள். இந்தக் கட்டுரையே அவற்றைப் பற்றித்தான்.

முதல் வாரிசு, மழையை முன்கூட்டிச் சொல்லும் முயற்சி. வானிலைத்துறை தொடங்கியது 1875-ல், பஞ்சத்துக்குச் சரியாக ஒரு வருடம் முன்பு. தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். ஏன் பொய்த்தது, அடுத்து எப்போது பொய்க்கும் என்ற கேள்வி அவர் தலையில் விழுந்தது. அப்போது எல்லாருக்கும் பிடித்திருந்த விடை சூரியப் புள்ளிகள். சூரியனில் கரும்புள்ளிகள் பதினொரு வருடத்துக்கு ஒரு தரம் கூடிக் குறைகின்றன, மழையும் அப்படித்தான் என்றார்கள். வில்லியம் ஹன்டர் என்ற அதிகாரி சென்னையின் பழைய மழைப் பதிவுகளை வைத்துக்கொண்டு இதை எழுதினார். லாக்யர் என்ற வானியலாளர் சேர்ந்துகொண்டார். ஆளும் தரப்புக்கு இது சௌகரியமான விடையும்கூட. சூரியன் மேல் யார் விசாரணைக் கமிஷன் வைப்பது?

ஆனால் அந்த ஆசையில் ஒரு நல்லதும் நடந்தது. சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கவேண்டும் என்பது கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பிறந்ததற்கு ஒரு காரணம். 1899-ல் தொடங்கிய அந்த ஆய்வகம் மழையைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. சூரியனைப் பற்றி நிறையச் சொன்னது. அடுத்த முறை கோக்கர்ஸ் வாக்கில் சோளம் தின்றுவிட்டு அந்தப் பக்கம் போனால் நினைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கட்டிடத்தின் அடியில் தாது வருடம் இருக்கிறது.

பிளான்ஃபோர்ட் சூரியனை விட்டுவிட்டு இமயமலையைப் பார்த்தார். குளிர்காலத்தில் பனி அதிகம் விழுந்தால் அடுத்த பருவமழை குறைகிறது என்று கண்டார். 1884-ல் கட்டுரை எழுதினார், 1886 ஜூனில் முதல் அதிகாரபூர்வக் கணிப்பு வெளியானது. கொஞ்ச நாள் ஓடியது. அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் பனியோடு வேறு பலவற்றையும் சேர்த்து, பக்கம் பக்கமாகக் கணிப்பு எழுதினார். 1899-ல் மழை நன்றாக இருக்கும் என்றார். அந்த வருடம்தான் குஜராத், ராஜஸ்தான் பக்கம் இன்றைக்கும் 'சப்பனியா' என்று சொல்கிற மகாபஞ்சம் (விக்ரம வருடம் 1956, அதனால் சப்பன்). நமக்குத் தாது மாதிரி அவர்களுக்குச் சப்பனியா. அதற்குப் பிறகு சில வருடங்கள் கணிப்பை வெளியிடாமல் அரசாங்கத்துக்கு மட்டும் ரகசியமாகக் கொடுத்தார்கள். வெளியிட்டால்தானே தப்பாகும்!

1904-ல் பொறுப்புக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள். கேம்பிரிட்ஜில் கணக்கில் முதலிடம். வானிலை பற்றி ஒன்றும் தெரியாது. பூமராங் எறிவதில் பைத்தியம், 'பூமராங் வாக்கர்' என்றே பட்டப்பெயர். காற்று ஏன் இப்படி வீசுகிறது என்ற கொள்கையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் லெட்ஜரை எடு என்றார். உலகத்தில் எங்கெல்லாம் அழுத்தம், வெப்பம், மழை அளக்கிறார்களோ அத்தனை ஊர்ப் பதிவுகளையும் வரவழைத்தார். எது கூடினால் நம் மழை கூடுகிறது, எது கூடினால் குறைகிறது என்று எண்களை எண்களோடு ஒப்பிட்டார். கம்ப்யூட்டர் கிடையாது. இந்திய குமாஸ்தாக்கள் பெருக்கி வகுத்துக் கையால் போட்ட கணக்கு.

அவரிடம் ஒரு நேர்மையும் இருந்தது. நூறு விஷயங்களை மழையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அதில் நாலைந்து சும்மாவே பொருந்தும் என்று அவருக்குத் தெரியும். எவ்வளவு பொருந்தினால்தான் நம்பலாம் என்று 1914-ல் தனக்குத்தானே ஒரு அளவுகோல் எழுதிவைத்தார். அந்தக் காலத்துச் சூரியப் புள்ளிக் கொள்கை அவருடைய கணக்கில் தேறவில்லை.

(ஒரு கொசுறு. 1913 பிப்ரவரியில் இந்த வாக்கர் சென்னை வந்தபோது, போர்ட் டிரஸ்ட்டில் ஒரு குமாஸ்தாவின் கணக்கு நோட்டை அவரிடம் காட்டினார்கள். இந்த ஆளை ஆராய்ச்சிக்கு விடுங்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு வாக்கர் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அந்தக் குமாஸ்தா ராமானுஜன்.)

இருபது வருடம் தேடிய பிறகு வாக்கருக்குக் கிடைத்தது அவர் தேடியது இல்லை. பசிபிக் கடல் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. ஒரு பெரிய தராசு மாதிரி. அதற்குத் 'தென் அலைவு' என்று பெயர் வைத்தார். அவர் 1924-ல் ஓய்வு பெற்றுப் போகும்வரை மழையை நம்பகமாகச் சொல்லும் சூத்திரம் கைக்கு வரவில்லை. பின்னாளில் அதே நாற்காலியில் இருந்த சார்லஸ் நார்மண்ட் 1953-ல் இதைப் பற்றி ஒன்று சொன்னார். இந்தியப் பருவமழையை மற்றவற்றைக் கொண்டு கணிப்பதைவிட, பருவமழையைப் பார்த்து மற்ற ஊர் வானிலையைக் கணிப்பது சுலபமாக இருக்கிறது என்ற பொருளில். பாவம், மழையைச் சொல்லத்தான் அத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்தது.

விடை 1969-ல் வந்தது. பெரு நாட்டு மீனவர்கள் சில வருடம் கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் சூடாகி மீன் குறைவதைப் பார்த்து அதற்கு எல் நினோ என்று பெயர் வைத்திருந்தார்கள். குழந்தை ஏசு என்று பொருள். ஜேக்கப் யெர்க்னெஸ் என்ற விஞ்ஞானி, அந்தக் கடல் சூடும் வாக்கரின் தராசும் ஒரே சமாச்சாரம் என்று காட்டினார். சாதாரண வருடத்தில் காற்று பசிபிக்கின் சூடான நீரை மேற்கே தள்ளி வைக்கிறது. அங்கே காற்று மேலே எழும்பி மழை கொட்டுகிறது. எல் நினோ வருடத்தில் காற்று தளர்ந்து, சூடான நீர் கிழக்கே நகர்ந்துவிடுகிறது. மழையும் கூடவே நகர்கிறது, நம் பக்கம் காற்று கீழே இறங்கி மேகத்தை அமுக்குகிறது. 1877-ல் நடந்தது பெரிய எல் நினோ. அதே சமயத்தில் வட சீனா, பிரேசிலின் வடகிழக்கு, ஆஸ்திரேலியா எல்லாம் காய்ந்தன. யெர்க்னெஸ் அந்தக் காற்றோட்டத்துக்கு வாக்கரின் பெயரையே வைத்தார். வாக்கர் அப்போது இல்லை, 1958-லேயே போய்விட்டார்.

இதனால் கணிப்பு சுலபமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 1997-ல் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று வந்தது, மழை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே பெய்தது. 2002-ல் நல்ல மழை என்றார்கள், ஜூலை மாத மழையில் பாதி காணோம். 2009-லும் அடி. பிறகு பழைய புள்ளிவிவர முறையோடு கடலையும் காற்றையும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஓட்டும் முறை வந்தது. இப்போது முன்பைவிட நன்றாகவே சொல்கிறார்கள்.

இனி இரண்டாவது வாரிசு. இதற்கு விஞ்ஞானிகள் இல்லை, அதனால் கதையில் ருசி குறைவு. ஆனால் உயிரைக் காப்பாற்றியது இதுதான் என்பது என் கட்சி. ரிச்சர்ட் ஸ்ட்ராச்சி தலைமையில் பஞ்சக் கமிஷன் 1880-ல் அறிக்கை கொடுத்தது. அதிலிருந்து 1883-ல் பஞ்ச விதித்தொகுப்பு பிறந்தது. பஞ்சம் வருகிறது என்று கலெக்டர் எப்படித் தெரிந்துகொள்வது? தானிய விலை ஏறுகிறதா, ஜனங்கள் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்களா, சில்லறைத் திருட்டு கூடுகிறதா என்று பார். சந்தேகம் வந்தால் சோதனைக்கு ஒரு கல்லுடைக்கும் வேலை திற. குறைந்த கூலிக்கும் கூட்டம் வந்தால் பஞ்சம் என்று எழுது, நிவாரணம் தொடங்கு. மனசாட்சியை ஒரு படிவத்தில் அடைத்தது மாதிரி இருக்கிறது, ஆனாலும் படிவம் வேலை செய்தது. சப்பனியாவில் பலிக்கவில்லை, செலவைச் சுருக்கினார்கள். 1943-ல் வங்காளத்தில் பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. அதனால் விதித்தொகுப்பு அலமாரியிலேயே கிடந்தது. அங்கே மழை பொய்த்ததுகூட முக்கியக் காரணம் இல்லை என்று, மண்ணின் ஈரத்தைக் கணக்கிட்டுப் பார்த்த 2019 ஆய்வு ஒன்று சொல்கிறது.

பணமும் ஒதுக்கினார்கள். 1878-ல் புது வரி போட்டு, வருடம் ஒன்றரைக் கோடி ரூபாய் 'பஞ்சக் காப்பீடு' என்று. அது ஆப்கன் யுத்தச் செலவில் கரைந்தது என்று அப்போதே கூச்சல் எழுந்தது. ஃபண்ட் டைவர்ஷன்! இந்த வார்த்தையை எத்தனை இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பேன்.

அதே படிவத்தின் நல்ல பேரப்பிள்ளை இந்த மகாராஷ்டிரத்தில் பிறந்தது. 1972-ல் மழை பொய்த்தபோது அரசாங்கம் ஊரூராக வேலை திறந்தது. 1973 கோடையில் ஒரே சமயத்தில் ஐம்பது லட்சம் பேர் வரை வேலையில் இருந்தார்கள். மழைக் கணிப்பு எதுவும் அவர்களுக்கு உதவவில்லை, ஆனால் தாது வருடம் மாதிரி சாவு விழவில்லை. அந்த ஏற்பாடு 1977-ல் சட்டமானது. 2005-ல் டெல்லி அதைப் பார்த்துத்தான் நாடு முழுவதற்கும் வேலை உறுதிச் சட்டம் எழுதியது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். எந்தக் கடன் வாராக்கடனாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆனால் ஏதோ ஒன்று ஆகும் என்று தெரியும். ஆகவே லாபத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்து வைத்துவிடவேண்டும். முதல் வாரிசு எந்தக் கடன் கெடும் என்று கண்டுபிடிக்கப் பார்த்தது. இரண்டாவது வாரிசு எடுத்து வைக்கச் சொன்னது. ஒரே பஞ்சத்தில் பிறந்த இந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. எப்படித் தெரியும் என்கிறீர்களா? நடுவில் நானே உட்கார்ந்திருந்தேன்.

2013-லிருந்து நாலு வருடம் லாத்தூர் மாவட்டத்தில் ஒரு கிராமக் கிளையில் மேனேஜராக இருந்தேன். மராட்டி அரைகுறை. சோயாபீன், துவரை பூமி. 2014-ல் மராட்வாடாவில் மழை ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு. 2015 ஜூன் தொடக்கத்தில் சிம்லா ஆபீஸ்காரர்கள் கணிப்பைத் திருத்தினார்கள். இந்த வருடம் நாட்டில் 88 சதவீத மழைதான், எல் நினோ வலுக்கிறது என்று. பேப்பரில் முதல் பக்கத்தில் வந்தது. அதே வாரம் ரீஜனல் ஆபீஸிலிருந்து பயிர்க்கடன் டார்கெட்டும் வந்தது. போன வருடத்தைவிடக் கூட.

ஒரு பெரியவர் வந்தார். காகா என்றுதான் கூப்பிடுவேன். ஆறு ஏக்கர். கையில் அந்தப் பேப்பர். "சாஹேப், மழை குறைச்சல்னு போட்டிருக்காங்களே. சோயாபீனுக்குக் கடன் வாங்கவா, இல்ல இந்த வருஷம் சும்மா இருக்கவா?"

"அது நாடு முழுக்கச் சொன்ன கணக்கு காகா. நம்ம பக்கம் பெய்யும்" என்றேன். எந்த ஆதாரமும் கிடையாது. டார்கெட் ஷீட் மேஜைமேல் இருந்தது. தொண்ணூறாயிரம் கொடுத்தேன்.

நியாயமாகப் பார்த்தால் நான் சொன்னதில் பாதி உண்மை. நாட்டுக்கு 88 என்றால் லாத்தூருக்கு எவ்வளவு என்று அந்தக் கணிப்பு சொல்லாது. ஆனால் அந்தப் பாதி உண்மையை நான் எதற்காகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். மழை பொய்த்தால் என்ன விதைப்பது, எப்போது விதைப்பது என்று மாவட்டவாரியாக மாற்றுத் திட்டங்களை ஹைதராபாத்தில் இருக்கும் மானாவாரி வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் தயாரித்து வைத்திருக்கிறது. இணையத்திலேயே கிடைக்கிறது. அப்போது நான் தேடியும் பார்க்கவில்லை.

அந்த வருடம் நாட்டில் பெய்தது 86 சதவீதம். 88 என்று சொல்லி 86! பிளான்ஃபோர்ட், எலியட், வாக்கர் மூன்று பேரும் ஏங்கியிருந்த துல்லியம். மராட்வாடாவில் மறுபடி ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு. காகாவின் சோயாபீன் முழங்கால் உயரத்தில் கருகியது.

கடனைத் தள்ளிவைக்க எனக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அரசாங்கம் வறட்சி என்று அறிவித்தால்தான். அதற்குப் 'பைசேவாரி' என்று ஒரு கணக்கு. வெள்ளைக்காரன் காலத்து அணாவாரிதான் அது. முழு விளைச்சல் பதினாறு அணா, அதில் இந்தக் கிராமம் எத்தனை அணா தேறியது என்று பார்ப்பார்கள். அணா போய்ப் பைசா வந்தது, மற்றபடி அதே முறை. அப்போதெல்லாம் ஐம்பது பைசாவுக்குக் கீழே போனால் வறட்சி. இறுதிக் கணக்கு டிசம்பரில் வரும். பயிர் செத்ததை அறுவடை முடிந்து எண்ணிப் பார்த்தால்தான் படிவம் அசையும். ஜூனில் சிம்லா ஆபீஸ் சொன்ன 88-ஐ எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. ஆறு மாதம் இடைவெளி. அந்த ஆறு மாதத்தில் காகா வெளியில் வட்டிக்கு வாங்கினார், இரண்டு மாடுகளை விற்றார். டிசம்பரில் பைசேவாரி ஐம்பதுக்குக் கீழே என்று வந்தது. கடனை ஐந்து வருடத் தவணையாக மாற்றிக் கொடுத்தேன். 2016 ஏப்ரலில் மிராஜிலிருந்து லாத்தூருக்கு ரயிலில் குடிதண்ணீர் வந்தது. முதல் வண்டியில் ஐந்து லட்சம் லிட்டர். டிவியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

வாக்கரின் லெட்ஜரே இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. புவி அறிவியல் அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி வெப்பமண்டல இந்தியப் பெருங்கடல் 1951-லிருந்து 2015-க்குள் ஒரு டிகிரி சூடாகியிருக்கிறது, கோடைப் பருவமழை ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்திருக்கிறது. ஆனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. மத்திய இந்தியாவில் பரவலான பெருமழை நாட்கள் 1950-க்குப் பிறகு மூன்று மடங்காகியிருப்பதாக 2017 ஆய்வு ஒன்று சொல்கிறது. எல் நினோவுக்கும் நம் மழைக்கும் இருந்த பழைய பிடிப்பே தளர்கிறதா என்று 1999-லிருந்து விஞ்ஞானிகள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இருபது வருட ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துக் கடன் கொடுத்துப் பழகியவனுக்கு, இனிமேல் பழைய ஸ்டேட்மென்ட் செல்லாது என்று சொன்னால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது இதைப் படிக்கும்போது.

2017-ல் எனக்குப் புனே மாற்றல் வந்தது. காகா கடைசித் தவணையைக் கட்டிவிட்டார். இன்னும் போன் செய்கிறார், பெரும்பாலும் மே மாதக் கடைசியில், திருத்தின கணிப்பு பேப்பரில் வந்த அன்று. போன தடவையும் அதையேதான் சொன்னார்: "சாஹேப், உங்க ஆபீஸுக்குப் பக்கத்துலதானே அவங்க ஆபீஸும் இருக்கு? மத்தியானம் சாப்பிட்டுட்டு ஒரு நடை போய், எங்க தாலுகாவுக்கு எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லுங்க."

சரி காகா, கேட்கிறேன் என்றேன்.